மேல்பலகையின் கனம்

ஜெனோவா,
3 ஜூலை 1984

அன்புள்ள எர்சிலியா அக்காவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த கடுகுப்பாகில் ஊறிய பழத்தில் பாதி ரயிலிலேயே காலி. மீதியைப் பார்த்த பியேரா, "இது உங்கக்கா எனக்குக் குடுத்ததா, இல்ல நீங்க நக்கிட்டு மிச்சம் வச்சதா?" என்று கேட்டாள். மற்றபடி இரண்டு பேரும் சுகம்தான். உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? தேர்வன்று மத்தியானம் உன் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறியிருந்தது. விசாரிக்கலாம் என்று நினைத்தேன், அந்தக் கலவரத்தில் விட்டுப்போயிற்று.

அந்தக் கதையைப் பியேராவிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. வயலின் பட்டறை வைத்து இத்தனை வருஷமாகிறது, கருவி செய்யக் கற்றுக்கொடுக்கும் உங்கள் பள்ளிக்கு வெளித்தேர்வாளனாகவும் மூன்று முறை வந்துவிட்டேன். ஒரு கருவி தேர்வாளர்கள் கண்ணெதிரே உடைந்ததை இப்போதுதான் பார்த்தேன். நீ கீழே நூலகத்தில் இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். அந்த சார்தீனியப் பெண் தோனினா தன் கையால் செய்த செல்லோவை மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக முறுக்கினாள். நாலாவது தந்தி சுதிக்கு வந்தபோது தந்திகளைத் தாங்கும் குதிரையின் ஒரு கால் மெல்ல உள்ளே இறங்கியது. பிசைந்த மாவில் விரலை வைத்தால் இறங்குமே, அப்படி. பிறகு ஒரு சத்தம். மேல்பலகை குதிரையிலிருந்து அடிவரை கீறிக்கொண்டு போய்விட்டது. அளந்து பார்த்தால் நடுவில் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர்! ஐந்து இருக்கவேண்டிய இடம்.

"ஏம்மா, செல்லோதான் செஞ்சியா, இல்ல பன்னித்தொடையை மெல்லிசாச் சீவினியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள், "நூலகத்துத் தாள்ல மூணுன்னுதான் போட்டிருக்கு" என்றாள். அதற்காகத்தான் முதல்வர் பெர்துட்சி உன்னைத் தேடிக் கீழே வந்தார். நீ கொண்டுவந்து கொடுத்த பழைய வரைபடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மங்கலாக இருந்தாலும் ஐந்து ஐந்துதான்.

அறிக்கையில் நான் ஒரு வரி எழுதினேன். 'தன் கையின் பிழைக்குக் காகிதத்தைக் குற்றம் சொல்பவர் உளியைத் தொடத் தகுதியற்றவர்.' பெர்துட்சி அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். நன்றாக இல்லை?

மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்.

உன் தம்பி,
ஒரெஸ்தே


கிரெமோனா,
29 ஜூலை 1984

தம்பி ஒரெஸ்தேவுக்கு,

எனக்கு ஒன்றும் குறைவில்லை. வெயில் காலத்தில் கால் வீங்குவது வழக்கம்தான். பியேராவின் இடுப்புவலி இப்போது தேவலையா?

பதில் எழுத நாளாகிவிட்டது. விடுமுறை என்றாலும் நூலகத்தில் வேலை ஓயவில்லை. மர மாதிரித் துண்டுகளை எல்லாம் இறக்கித் துடைத்து அடுக்கினேன். மெருகுப் பூச்சு மாதிரிகள் சன்னலோரத்தில் வெளுத்துக்கொண்டிருந்தன, அவற்றை உள்பக்கம் மாற்றினேன். வரைபட அலமாரி பக்கம் இன்னும் போகவில்லை.

ஊருக்குப் போகுமுன் அந்தப் பெண் தோனினா வந்திருந்தாள், புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. தேர்ச்சி பெறாதவர்கள் பலர் அந்தக் கோபத்தில் புத்தகத்தைத் திருப்புவதே இல்லை. இவள் ஒரு புத்தகத்தின் முதுகு கிழிந்திருந்ததைத் தானே ஒட்டிக் கொண்டுவந்தாள். செல்லோவை எடுத்துப்போகவில்லை. மேலே பட்டறையில் சுவரோரம் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

உன்னை ஒன்று கேட்கிறேன். அறிக்கையிலிருந்து அந்த வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா? மதிப்பெண்ணை மாற்ற வேண்டாம், அது இருக்கட்டும். எந்தப் பட்டறையில் வேலை கேட்டாலும் முதலில் அறிக்கையைத்தான் கேட்பார்கள். அந்த வரி அவளுக்கு முன்னால் போய் நிற்கும்.

வேறு விசேஷம் இல்லை.

எர்சிலியா


ஜெனோவா,
22 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

பியேராவும் நானும் தினமும் கடலில் கால் நனைத்துவிட்டு வருகிறோம். இடுப்புவலிக்கு அதுதான் மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உன் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே வந்து பத்து நாள் இரேன் என்றால் கேட்க மாட்டாய். அந்தப் புத்தகங்கள் உன்னை விட்டுவிட்டு ஓடியா போய்விடும்?

வரியை எடுக்க முடியாது அக்கா. முத்திரை வைத்து மாகாண அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. உனக்கு எப்போதுமே இளகின மனசு. சின்ன வயசில் நான் உடைத்த கண்ணாடிக்கு நீ அழுவாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பெண் மறுபரிசீலனை கேட்டு மனு போட்டிருக்கிறாள். பெர்துட்சி எனக்குத் தொலைபேசினார். "தட்டச்சு செய்த வெள்ளைத்தாள் ஒண்ணு இருந்துச்சு, வரைபட அலமாரியில மூணாவது இழுப்பறையில, அதைத் தேடிப் பாருங்கன்னு எழுதியிருக்கா. என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "சார், அந்த நூலகத்தை இருபது வருஷமாப் பாத்துக்கிறது எங்க அக்கா. அப்படி ஒரு தாள் இருந்தா அவளே மொத ஆளா எடுத்து மேசையில வச்சிருப்பா."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டார். உன் பேரைச் சொன்னதும் பேச்சு முடிந்தது. பார், உன் தம்பி எவ்வளவு பெருமையாக உன்னைப் பற்றிச் சொல்கிறான்.

ஒரெஸ்தே


கிரெமோனா,
7 அக்டோபர் 1984

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். உடம்புக்கு எதுவும் இல்லை. இங்கே மூடுபனி இறங்க ஆரம்பித்துவிட்டது. ஆற்றுப் பக்கம் காலையில் பத்து அடிக்கு அப்பால் ஆள் தெரிவதில்லை. நீங்கள் இருவரும் கம்பளி உடுத்துகிறீர்களா?

புதிய மாணவர்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் நூலகத்தில் மெதுவாகப் பேசத் தெரியவில்லை. தோனினா வந்து நின்றால் இருப்பதே தெரியாது. காலையில் நான் கதவைத் திறக்கும்போதே வெளியே நிற்பாள். வெந்நீர்க் குழாயில் கைகளைச் சூடாக்கிக்கொண்டுதான் அளவுகோலைத் தொடுவாள். "கை ஜில்லுன்னு இருந்தா அளவு தப்பாப் போயிடும்மா" என்பாள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

உன்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தது இதுதான். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். உண்மையிலேயே ஒரு தாளில் மூன்று என்று எழுதியிருந்தால்கூட, நல்ல கை உள்ள ஒரு மாணவிக்குச் செதுக்கும்போதே அது தவறு என்று தெரிந்திருக்க வேண்டாமா? அப்படித் தெரியாமல் போனால் அது அவள் குற்றமும்தானே? நீ தொழில் செய்கிறவன், உனக்குத்தான் தெரியும்.

அவள் சார்தீனியாவில் எந்த ஊர் என்று மனுவில் இருந்ததா?

எர்சிலியா


ஜெனோவா,
18 அக்டோபர் 1984

அக்காவுக்கு,

இரண்டு பேருக்கும் லேசாக ஜலதோஷம், அவ்வளவுதான். உன் கடிதத்தைப் பட்டறையிலேயே படித்தேன், பிறகு வேலை ஓடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: மாணவிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பலகையைத் தூக்கி விரலால் தட்டினால், இன்னும் சீவக்கூடாது என்று மரமே சொல்லிவிடும். ஆனால் அது எத்தனையோ பலகைகளைப் பாழாக்கிய பிறகு வருகிற காது. மாணவி தாளைத்தான் நம்ப வேண்டும். நம்பத்தான் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதிலும் பட்டயத் தேர்வுக் கருவி செய்யும்போது ஆசிரியர் அருகில் வரக்கூடாது, ஒரு யோசனையும் சொல்லக்கூடாது. அவளுக்குத் துணை நூலகம் ஒன்றுதான். நூறு மாணவர்களில் ஒருத்தருக்கு வேண்டுமானால், 'இது குறைவாக இருக்கிறதே' என்று சந்தேகம் வரலாம். அப்படி வந்தால் அந்த ஒருத்தர் பெரிய ஆளாக வருவார்.

இதை எழுதும்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நான் அந்தச் செல்லோவின் கீறலை மட்டும்தான் பார்த்தேன். தலைச்சுருளைப் பார்த்தேனா, ஓரத்தில் பதித்த கருப்பு இழையைப் பார்த்தேனா? பார்த்தேன், ஆனால் பேசவில்லை. அப்படி ஒரு இழையை என்னால்கூடப் பதிக்க முடியாது. உடைந்ததும் எனக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது, மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போயிற்று.

ஊர் கலன்ஜானுஸ். தக்கை ஆலைகள் இருக்கிற ஊர். அங்கேதான் ஒரு ஆலையில் வேலைக்குப் போகிறாளாம்.

அக்கா, நீ பேச்சுக்குக் கேட்கிற ஆள் இல்லை. அந்தத் தாள் இருந்ததா?

ஒரெஸ்தே


ஜெனோவா,
11 நவம்பர் 1984

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்பதற்குக்கூடப் பயமாக இருக்கிறது. மூன்று வாரமாகப் பதில் இல்லை. நூலகத்துக்குத் தொலைபேசினேன். காவலாளி எடுத்தார். "இருக்காங்களே, இந்தா நிக்கிறாங்க" என்றார். பிறகு, "இல்லீங்க, இப்பத்தான் வெளிய போனாங்க" என்றார். உன் இருமல் சத்தம் எனக்குக் கேட்டது.

இருந்தது அல்லது இல்லை. ஒரு வார்த்தை போதும்.

ஒரெஸ்தே


கிரெமோனா,
25 நவம்பர் 1984

தம்பி,

நீயும் பியேராவும் நன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் வாழ்த்து எழுத இன்று எனக்கு யோக்கியதை இல்லை.

இருந்தது. நான்தான் செய்தேன்.

போன குளிர்காலத்தில் செய்தது. அந்தப் பழைய வரைபடம் பழுப்பேறி, மடிப்புகளில் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மாணவர்கள் அதன்மேல் முழங்கையை ஊன்றுவார்கள், பசை காயாத கையால் தொடுவார்கள். அளவுகளை எல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் தெளிவாகத் தட்டச்சு செய்துவைத்தால் மூலத்தை வெளியே எடுக்கவே வேண்டாமே என்று நினைத்தேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை, நானாகச் செய்த உபகாரம்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருஷமாயிற்று. உனக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாகாண அலுவலகம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். அந்த அறையை விட்டால் எனக்குப் போவதற்கு வேறு இடம் ஏது? நடுவில் இருந்த ஐந்து எனக்கு மூன்றாகத் தெரிந்தது. மூன்று என்று தட்டினேன்.

நூறில் ஒருத்தருக்குச் சந்தேகம் வரும் என்று எழுதியிருந்தாயே, அவளுக்கு வந்தது, ஒரெஸ்தே. பிப்ரவரியில் ஒரு நாள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "அம்மா, நடுவுல மூணுதானா? ரொம்பக் கம்மியா இருக்கே. பழைய வரைபடத்தை ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேட்டாள். அலமாரி எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் இருந்தது. எழுந்துபோய் எடுத்து, அவள் எதிரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டுமே என்று நினைத்தேன். "அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான்மா செய்வாங்க. தாள்ல இருக்கிறதைச் செய்" என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தேர்வன்று பெர்துட்சி படியிறங்கி வந்து, "தாள்ல மூணுன்னு இருக்காமே?" என்று கேட்டபோது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஒரு நிமிஷம்" என்றேன். அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று, வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பழைய வரைபடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நம்மகிட்ட இருக்கிறது இதுதான்" என்றேன். அன்று சாயங்காலம் அந்தத் தாளைக் கிழித்துச் சமையலறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டேன்.

என்னிடம் வந்து கேட்டதை அவள் உங்களிடம் சொல்லவே இல்லை, கவனித்தாயா? ஏன் சொல்லவில்லை என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை கனக்கிறது. நான் வருவேன், நானே சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. புத்தகங்களைத் திருப்ப வந்தாள் என்று எழுதினேனே. போகும்போது கதவருகில் நின்று, "அம்மா, நான் பாத்தது மூணுதானே?" என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"ராத்திரியெல்லாம் வேலை பாத்து அசந்து போயிருப்பே கண்ணு. கண்ணு ஏமாத்தும்" என்றேன்.

என் கண் செய்ததை அவள் கண்மேல் போட்டேன்.

எர்சிலியா


ஜெனோவா,
4 டிசம்பர் 1984

அக்கா,

உன் கடிதத்தைப் பியேராவிடம் காட்டவில்லை. பல்வலி என்று சொல்லிவிட்டு நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், பாதியில் கிழித்துவிட்டேன். பன்றித்தொடை என்று சிரிக்கவைத்தது நான். அந்த வரியை எழுதியது நான். மனு வந்தபோது, தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்ட மனுஷனிடம் உன் பேரைச் சொல்லிக் கதவைச் சாத்தியதும் நான்தான். நீ ஒரு தாளைக் கிழித்தாய். நான் அவளுடைய வாயையே அடைத்திருக்கிறேன்.

ஆனாலும் யோசித்துப் பார். அடுத்த கோடையில் நீ ஓய்வு பெறுகிறாய். இப்போது போய்ச் சொன்னால் இருபது வருஷமும் ஒரு நொடியில் போய்விடும். எனக்கும் இந்தத் தொழிலில் முகம் இருக்காது. நான் வேறு வழி செய்கிறேன். கலன்ஜானுஸுக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். என் பட்டறையில் வேலை கொடுக்கிறேன், நல்ல வேலை, அவள் பேர் போட்டுக் கருவி செய்யலாம். தாளைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். அவளுக்கும் வாழ்க்கை கிடைக்கும், நமக்கும் பாரம் குறையும்.

கண்ணை உடனே காட்டு. அதையாவது என் பேச்சைக் கேட்டுச் செய்.

ஒரெஸ்தே


கிரெமோனா,
16 டிசம்பர் 1984

தம்பிக்கு,

உன் பல் சரியாகட்டும். எனக்கு வழக்கம்போல.

நீ சொன்னபடியே செய். உன் கடிதத்தைப் படித்ததும் ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அப்படிச் சாப்பிட்டது உறைத்தது.

கப்பலில் குளிர் அதிகமாக இருக்கும், கழுத்தைச் சுற்றிக்கொள்.

எர்சிலியா


கலன்ஜானுஸ், சார்தீனியா,
20 ஜனவரி 1985

அக்காவுக்கு,

கடல் கொந்தளிப்பு. வரும்போது வயிற்றில் இருந்ததெல்லாம் கப்பலிலேயே போயிற்று. இப்போது தேவலை. விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாளைக்குக் கப்பல் ஏறுகிறேன். தனியாகத்தான்.

ஆலை வாசலில் காத்திருந்தேன். வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள், தலைமயிரெல்லாம் தக்கைத் தூள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நேராக வந்து, "பயணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றாள். வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவளுடைய அம்மா ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அப்பளம் மாதிரி மெல்லிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். தன் மகளை உளி தொடத் தகுதியற்றவள் என்று எழுதினவன் இவன்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. தோனினா சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துலேருந்து வந்திருக்காரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

நான் என் பட்டறையைப் பற்றிச் சொன்னேன். வேலை, தங்க இடம், எல்லாம். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "ஏன் சார்?" என்றாள்.

"நீ பதிச்ச அந்த ஓர இழை. அதுக்காகத்தான்."

"அன்னைக்கு அதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

நான் ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்தேன்.

"ஒண்ணு கேக்கறேன் சார். பதில் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே உங்ககூடக் கப்பல் ஏறிடறேன். தாள்ல இருந்தது மூணா, அஞ்சா?"

நான் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மேல இருக்கிற பழி போறதுக்காகக் கேக்கல. இங்க மரப்பட்டையிலேருந்து தக்கை வெட்டுற மெஷின்ல நிக்கறேன். ஒவ்வொரு தக்கையையும் மூணு தடவை அளக்கறேன். 'பாட்டில் அடைக்கிற தக்கைக்கு என்னடி இவ்வளவு அளவு'ன்னு பொம்பளைங்க கேலி பண்றாங்க. என் கண்ணையே நான் நம்பல சார். நம்பாத கண்ண வச்சுக்கிட்டு உங்க பட்டறைக்கு வந்து என்ன செய்யறது?"

சொல்லியிருக்கலாம் அக்கா. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது என் வாயால் வந்தால், தம்பி அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகும், அவ்வளவுதான். அவள் கேட்பது உன்னிடம். நான் வெறும் தபால்காரன்.

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "நூலக அம்மா சுகமா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

நமது ஏற்பாடு நல்ல ஏற்பாடு இல்லை. அதைச் சொன்னதற்காக என்னை மன்னித்துவிடு. நீதான் சொல்ல வேண்டும்.

ஒரெஸ்தே


கிரெமோனா,
24 பிப்ரவரி 1985

அன்புத் தம்பி ஒரெஸ்தேவுக்கு,

பியேராவுக்கும் உனக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா? எனக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள். எழுத்து நேராக இருக்கிறதா, சொல்.

உன் கடிதம் கிடைத்த அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. 'சுகமா இருக்காங்களா' என்று அவள் கேட்டதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் ஆசிரியர் கூட்டம் இருந்தது. நூலகர் அதில் பேசுவது வழக்கமில்லை. கைதூக்கினேன். உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன், அவள் என்னிடம் வந்து கேட்டதையும், நான் சட்டைக்குள் செருகியதையும், கதவருகில் சொன்னதையும்.

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெர்துட்சி என்னைத் தனியே அழைத்துப்போனார். "எர்சிலியா, நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ளேயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகும்?" என்றார்.

"நானும் என் பேரு என்னாகும்னுதான் அன்னைக்கு அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னேன் சார்" என்றேன்.

பிறகு அவர் முன்னாலேயே மாகாண அலுவலகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். சரிதான். தேர்வு முடிவு ரத்தாகிவிட்டது. அவள் மறுபடி வரலாம், அந்தச் செல்லோவுக்கே புதிதாக மேல்பலகை செதுக்கித் தேர்வுக்கு வைக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. நீ உன் வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிய கடிதமும் வந்துசேர்ந்ததாம். உன் பட்டறைப் பேருக்கு என்ன வந்தாலும் அதற்குக் காரணம் நான்.

அவளுக்குத் தனியாக எழுதினேன். 'தாளில் இருந்தது மூன்று. அதை எழுதியவள் நான். நீ கேட்டபோது பார்க்காமல் சொன்னவளும், பிறகு உன் கண்ணைப் பழித்தவளும் நான். உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை.' மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றும் எழுதிப் பார்த்தேன். அதைப் படித்தால் எனக்கு ஏதாவது பதில் எழுதியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பதில் வரவில்லை.

உன் அக்கா,
எர்சிலியா


கிரெமோனா,
12 மே 1985

அன்புத் தம்பிக்கு,

இடது கண்ணும் முடிந்துவிட்டது. தெருவில் எதிரில் வருகிறவர்களின் சட்டைப் பொத்தான்வரை தெரிகிறது. இவ்வளவு அழுக்கான வீட்டிலா இத்தனை நாள் இருந்தேன் என்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பியேரா நடக்கிறாளா? உன் பட்டறையில் ஆள் வருகிறார்களா? உண்மையைச் சொல்.

தோனினா வந்துவிட்டாள். புது மேல்பலகைக்கென்று நீ அனுப்பிய மரத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக் கிடங்கிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். உன் பட்டறைக்கும் வர மாட்டாள். தேர்வு முடிந்ததும் வேறு யாரிடமோ சேருவதாகப் பேச்சு. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன், வருத்தப்படாதே. வருத்தப்படுகிற உரிமை நமக்கு இல்லை.

நேற்று நான் நூலகத்துக்குப் போனேன். புதிய நூலகர் ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், மர மாதிரிகளின் வரிசை அவளுக்குப் புரியவில்லை. மாணவர்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. தோனினா. கையில் பாதி செதுக்கிய மேல்பலகை, குழந்தையை ஏந்துவது மாதிரி ஏந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

"இருங்க" என்றாள். வணக்கமும் இல்லை, அம்மா என்ற அழைப்பும் இல்லை.

புதிய நூலகரிடம் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கினாள். என் எதிரில் விரித்தாள். பலகையைப் பக்கத்தில் கிடத்தினாள். ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்து உரக்கப் படித்தாள். "நாலு." படித்துவிட்டு நிறுத்தினாள். என்ன எதிர்பார்க்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. குனிந்து பார்த்து, "நாலு" என்றேன். பலகையில் அந்த இடத்தில் பென்சிலால் எழுதினாள். "நாலேகால்." "நாலேகால்." அப்படியே போயிற்று. மேசைக்கு மேசை மாணவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

நடுப்பகுதிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. படிக்கவில்லை.

"இதை நீங்க மொதல்ல சொல்லுங்க" என்றாள்.

மை வெளிறிப்போன எழுத்துதான், ஆனால் இப்போது அதன் மேல்கோடு, வளைவு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த எண்ணைப் பார்க்க அன்று நான் நாலடி நடந்திருந்தால் போதும்.

"அஞ்சு" என்றேன்.

அவள் குனிந்து தானும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் மரத்தில் ஐந்து என்று எழுதிவிட்டு, விரலை அடுத்த எண்ணுக்கு நகர்த்தினாள்.

உன் அக்கா,
எர்சிலியா